மூன்று டபிள்யூவுக்கு முன்னீடு

ஒரு இணைய முகவரியின் கடைசியில் வரும் சாய்கோடு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. தெரியாத ஒன்றோடு தொடங்குவது சரியா என்றும் தெரியவில்லை. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதியிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களை எழுதிக் கொடுக்கும்படி நம் முதலாளி சேர் சொன்னார். அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கில்லை. ஆனால் இந்தக் கோயில் வேலைக்குப் பிறகு எனக்கு வயது கூடிவிட்டது போலத்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது கிரானில். அலுவலகம், உங்களுக்குத் தெரியும், செங்கலடிச் சந்தியில் மருந்துக் கடைக்கு மேலே. என் மகள், சின்னவள், பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டேன். சேர் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் கதிரையில் இருப்பவர்தான் வேலை செய்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை. நிறைய யோசித்துவிட்டு ஒரு கோயிலின் இணையத் தளத்தை என்னிடம் தந்தார்.

"கொடியேறித் தீர்த்தம் முடியிறதுக்குள்ள தேடினா நம்மட தளம் மேல வரவேணும் தங்கச்சி. வந்தா வீட்டில இருந்தே செய்யுங்க. வராட்டி காலையில எட்டரைக்கு இஞ்ச வாங்க."

எட்டரைக்குச் செங்கலடியில் இருக்க வேண்டுமென்றால் சின்னவள் எழும்புவதற்கு முன் நான் பஸ் ஏற வேண்டும். திரும்பி வரும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அம்மா பார்த்துக்கொள்வார்தான். இருந்தாலும் அவளுடைய முதல் சொற்களெல்லாம் என் அம்மாவின் காதில் விழும், எனக்குச் செய்தியாக வரும். எனக்கு அந்தக் கோயில் தளம் என்றால் அதுதான்.

கோயில் பதுளை வீதியில், கரடியனாற்றுப் பக்கம். பெயர் வேண்டாம். அதன் தளத்துக்கு இரண்டு முகவரி இருந்தது. முன்னால் மூன்று டபிள்யூ போட்டாலும் பக்கம் வரும், போடாவிட்டாலும் வரும். மனிதருக்கு அது ஒரே தளம். தேடுபொறிக்கு அது இரண்டு தளம். பாதிப்பேர் ஒன்றைப் பகிர்வார்கள், பாதிப்பேர் மற்றதை. அதனால் கிடைக்கிற மதிப்பும் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே கீழே கிடந்தன. யாரோ எப்போதோ எழுதி மறந்துபோன ஒரு பதிவு முதலாவதாக நின்றது. அதில் பழைய திருவிழாத் திகதிகள். போன வருடம் அதை நம்பி ஒரு குடும்பம் வான் பிடித்து, பொங்கல் பானையோடு வந்து இறங்கியபோது பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்களாம்.

இதற்குத் தீர்வு எளிது. இரண்டில் ஒன்றை முதன்மை என்று வைத்து, மற்றதை அதன் பக்கம் நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. எனக்கு வேலை பழக்கிய அக்கா ஒருவர் இருந்தார். இப்போது வெளிநாட்டில். அவர் சொல்வார்: "எதை எடுத்தாலும் பரவாயில்ல. எடுத்ததை மாத்தாத."

நான் எதையாவது எடுத்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று படித்திருந்தேன். அதனால் கேட்கப் போனேன்.

அன்று அம்மாவுக்குக் கிளினிக். சின்னவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோயில் மண்டபத்தில் இரண்டு வண்ணக்கர்கள் காத்திருந்தார்கள். உங்களில் ஒருவர் வெளி மாவட்டம் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் உரிமையெல்லாம் குடி குடியாக இருக்கும். குடி என்பது தாய்வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா, அந்தக் குடியின் சார்பில் பொறுப்பாக நிற்க ஒரு வண்ணக்கர், மரியாதை வாங்கும் வரிசையில் ஒரு இடம். அந்த வரிசையில் முதல் இடத்துக்கு முன்னீடு என்று பெயர்.

ஒருவருடைய குடி பதுளை வீதியில் கோயில் வளைவு கட்டிக் கொடுத்தது. அந்த வளைவில் மூன்று டபிள்யூவோடு முகவரி எழுதியிருந்தது. மற்றவருடைய குடி திருவிழா நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறது. அதில் இடம் போதாமல் டபிள்யூ இல்லாமல் போட்டிருந்தார்கள். நான் மனதுக்குள் ஒருவரை வளைவுக்காரர் என்றும் மற்றவரை நோட்டீஸ்காரர் என்றும் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"நீ எந்த ஊர் புள்ள?" என்று கேட்டார் வளைவுக்காரர்.

"கிரான், ஐயா."

"எந்தக் குடி?"

சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அந்தக் குடிக்கு இஞ்ச ஒண்டும் இல்ல. நல்லது. சொல்லு."

தேடுபொறியைப் பற்றியும் பிரிந்துபோகும் மதிப்பைப் பற்றியும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டார்கள். விளங்கிவிட்டது என்று நினைத்து, "ஒண்டை முதன்மையா வெச்சிட்டு மற்றதை அதுக்குத் திருப்பி விடுவம்" என்று முடித்தேன்.

"திருப்பி விடுறதெண்டா?"

"உங்கட அட்ரஸை அடிச்சா அது தானா அவங்கட அட்ரஸுக்குப் போகும்."

வளைவுக்காரர் கதிரையிலிருந்து எழும்பினார். "எங்கட அட்ரஸ் கிறுகிப் போய் அவங்கட வாசல்ல நிக்கிறதா?"

"இல்ல ஐயா, வேணுமெண்டா அவங்கடதை உங்கட பக்கம்..."

"இஞ்ச பாருங்ககா!" என்றார் நோட்டீஸ்காரர், மண்டபத்துத் தூணைப் பார்த்து. "ஒரு நிமிசத்தில ஆள் மாறிட்டா."

"மூண்டு டபிள்யூவும் எங்க நிக்குது? முன்னுக்கு. முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் முன்னீடு."

"முன்னுக்குப் போறது தீவட்டி. சாமி பின்னாலதான் வாறது."

நான் சின்னவளை மறு இடுப்புக்கு மாற்றினேன். முதன்மை என்ற சொல்லை எடுத்திருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தளம் அமைக்கிறவர்களுக்கு அது ஒரு அமைப்பு. அவர்களுக்கு அது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கு.

கடைசியில் குருக்கள் வந்து, பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் டபிள்யூ உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. எடுப்பதற்கு ஒரு குழந்தை வேண்டும், அந்தக் கோயிலில் எந்தக் குடியையும் சேராத குழந்தையாக இருக்க வேண்டும். எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.

சின்னவளைச் சந்நிதியில் இறக்கிவிட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள், இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள்.

"ஒண்டு செல்லம், ஒண்டு" என்று ஒரு கையைப் பிரிக்கப் பார்த்தேன். கோபுரம் வரை கேட்க அழுதாள்.

"விடு புள்ள, சந்நிதியில அழ வைக்காத" என்றார் குருக்கள். திரும்பவும் வைத்தார்கள். திரும்பவும் இரண்டையும் எடுத்தாள். மூன்றாவது முறை ஒரு பொட்டலத்தைக் கையிலும் மற்றதை வாயிலும் வைத்துக்கொண்டாள்.

வாயில் இருந்ததை நான் விரல் விட்டு எடுத்தேன்.

"சாமிக்கு ரெண்டும் வேணுமாம்" என்றார் நோட்டீஸ்காரர், மெதுவாக.

அந்த இடத்தில் அவர்கள் இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். அதுதான் எனக்கு வினையாகப் போனது. இரண்டும் வேண்டுமென்றால் முறை வைத்துச் செய்வோம் என்றார்கள். கோயிலில் எல்லாமே முறைதானே. ஒரு திருவிழாவுக்கு வளைவின் முகவரி முதன்மை, அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸின் முகவரி முதன்மை. கடைசி நாள் தீர்த்தம் வரை இப்படி மாறி மாறி.

"ஐயா, நாளுக்கு நாள் மாத்தினா தேடுற இடத்தில ஒண்டும் நிலைக்காது. மாத்துறதெண்டால் தற்காலிகத் திருப்பல் எண்டாவது போடுவம்..."

"தற்காலிகமா?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். வளைவுக்காரர் சொன்னார்: "தற்காலிக மரியாதை எண்டு ஒண்டு எங்கயாவது இருக்கா புள்ள? நிரந்தரமாப் போடு."

"ஒரு நாளைக்கு நிரந்தரமாவா ஐயா?"

"ஓம். எங்கட நாளைக்கு எங்களுக்கு நிரந்தரம். அவங்கட நாளைக்கு அவங்களுக்கு நிரந்தரம்."

வெளியே வந்து சேருக்கு அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கோயில் விசயம் தங்கச்சி. மாட்டன் எண்டு சொல்லிப் போடாதைங்க" என்றார். பிறகு, "ஆனா மேல வரவேணும்" என்றார்.

கொடியேற்றத்தன்று ஒரு குறையும் இல்லை. அன்று வளைவுக்காரர் குடியின் முறை. இரண்டாம் நாள் நோட்டீஸ்காரர் குடியின் முறை. சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டே ஒரு கையால் திருப்பலை மாற்றினேன். அவள் இரண்டாவது வாய் வாங்குவதற்குள் தொலைபேசி அடித்தது.

"புள்ள, எங்கட குடி ஆக்கள் ஒருத்தருக்கும் தளம் திறக்குதில்ல. சுத்திக்கொண்டே இருக்கு. ஆனா அவங்கட ஆக்களுக்குத் திறக்குது. எங்கட நாளில எங்களுக்கே கதவடைப்பா?"

மூன்றாம் நாள் வளைவுக்காரரின் முறை. மாற்றினேன். வளைவுக்காரர் அழைத்தார்.

"எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் திறக்குதில்ல! அவங்களுக்கு மட்டும் என்னெண்டு திறக்குது?"

காரணத்தைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிரந்தரம் என்ற சொல்லை நாங்கள் யாரும் நம்பவில்லை, தொலைபேசியில் இருக்கும் உலாவி நம்பிவிட்டது. நேற்று அதற்கு, இந்த முகவரி என்றென்றைக்கும் அந்த முகவரிக்குப் போகும் என்று சொல்லியிருந்தோம். அது பாடமாக்கி வைத்துக்கொண்டது. இன்று அந்த முகவரிக்குப் போனால், இல்லை, என்றென்றைக்கும் இந்த முகவரிக்குத்தான் என்று திருப்பி அனுப்பினோம். அது அங்கும் இங்கும் ஓடிக் களைத்து நின்றுவிட்டது. இதில் மாட்டியவர்கள் யார் என்று பாருங்கள். தங்கள் முறை இல்லாத நாளிலும் தங்கள் முகவரியையே அடித்து விடாமல் வந்து பார்த்தவர்கள். அன்றன்று யாருடைய முறையோ, அவர்களுக்கு மட்டும் பக்கம் திறக்காது. எட்டிப் பார்க்காத ஆட்களுக்கெல்லாம் நன்றாகத் திறந்தது.

நான்காம் நாள் சின்னவளையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தொலைபேசிகள் பாடமாக்கியதை ஒவ்வொன்றாக அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்துத் தந்தார்கள். ஒலிபெருக்கியில் தேவாரம் நின்று அறிவிப்பு வந்தது: "தளம் திறக்காத அடியார்கள் தங்கள் கைத்தொலைபேசிகளுடன் மடைப்பள்ளி அருகே வரவும். வரும்போது கால் கழுவி வரவும்."

வந்தார்கள். வந்ததும் எந்தக் குடியின் தொலைபேசியை முதலில் அழிப்பது என்று தொடங்கிவிட்டது.

"வரிசைப்படி செய் புள்ள. எங்கட குடிதான் முதல்."

"அது மரியாதை வாங்குற வரிசை. இது அழிக்கிற வரிசை. அழிக்கிறதில நீங்க முதல் போங்க, நாங்க ஒண்டும் சொல்லமாட்டம்."

"ஓ! அழிவெண்டா மட்டும் எங்களுக்கு முன்னீடு?"

ஒரு கைக்கு ஒரு குடி என்று இரண்டு தொலைபேசியை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு அழித்தேன். ஒரு ஆச்சி பட்டன் ஃபோன் கொண்டுவந்தார். அதில் இணையமே இல்லை என்று சொன்னேன். "எல்லாருக்கும் செய்யிறாய், எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். வாங்கி ஒரு பட்டனை அமத்திக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அப்படி இரண்டு கையிலும் இரண்டு தொலைபேசியோடு இருந்தபோதுதான் திரைகளைப் பார்த்தேன். ஒன்றில் மூன்று டபிள்யூ போட்டுத் திறந்திருந்தேன், மற்றதில் போடாமல். மேலே முகவரி தெரியும் இடத்தில் இரண்டிலும் ஒரே எழுத்துகள்தான் இருந்தன. இப்போதைய உலாவிகளில் பல, முன்னால் வரும் டபிள்யூவைக் காட்டுவதில்லை. எனக்கு அது தெரிந்த விடயம்தான். தெரிந்த விடயம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்னவள் என் தோளில் தூங்கிவிட்டாள். தீர்த்தத்துக்குச் சில நாட்கள்தான் இருந்தன. இன்று மாலையும் திருப்பலை மாற்றினால், நாளை திரும்பவும் இந்தப் பாய். அதற்குப் பிறகு எட்டரை மணிக் கதிரை. மாற்ற மாட்டேன் என்று சொன்னால், சேருக்கு அழைப்புப் போகும். அப்போதும் அதே கதிரை. எப்படிப் பார்த்தாலும் கதிரைதான் என்றால், சரியானதைச் செய்துவிட்டுப் போய் இருப்பது நல்லது என்று தோன்றியது. சரியானதா என்று இரண்டு முறை யோசித்தேன். மூன்றாவது முறை யோசித்தால் எழும்ப மாட்டேன் என்று எழும்பினேன்.

இரண்டு வண்ணக்கர்களையும் வாகனசாலைப் பக்கம் கூப்பிட்டு, இரண்டு தொலைபேசிகளையும் நீட்டினேன்.

"எங்கட மூண்டு டபிள்யூவும் எங்க?" என்றார் வளைவுக்காரர்.

"உள்ளுக்கு இருக்கு ஐயா. ஃபோன் வெளியில காட்டாது."

"அப்ப ஆக்களுக்குத் தெரியிறது எங்கட அட்ரஸ்" என்று நோட்டீஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம் ஐயா. கண்ணுக்குத் தெரியிறது உங்கட. ஆனா இண்டையில இருந்து டபிள்யூ உள்ளதைத்தான் முதன்மையா வைக்கிறன். தேடுற இடத்தில மதிப்பெல்லாம் அதுக்குத்தான் போகும். இனி நான் மாத்தமாட்டன்."

வாடிக்கையாளரிடம் 'மாட்டன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன கையோடு குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கத் தொடங்கினேன். அவள் ஏற்கெனவே தூக்கத்தில்தான் இருந்தாள்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாகனசாலைக்குள் எழுந்தருளிச் சாமிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவுக்காரர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு கருவறைப் பக்கம் பார்த்தார்.

"மூலஸ்தானம் எங்களுக்கு" என்றார். "வீதிக்கு வாற எழுந்தருளி அவங்களுக்கு."

நோட்டீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஊர் கும்பிடுறது எழுந்தருளியத்தானே" என்றார்.

"மூலஸ்தானம் இல்லாம எழுந்தருளி எங்க இருந்து வரும்?"

இருவருக்கும் முழுத் திருப்தி. நான் சொன்ன தேடுபொறியை விட இது அவர்களுக்கு நன்றாக விளங்கியது. எனக்கும்தான். அன்றிலிருந்து உங்களைப் போல் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் விளங்கப்படுத்துகிறேன். பாடப் புத்தகத்தில் உள்ளதை விடச் சுருக்கமாக இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தில், "உள்பக்கங்களிட கடைசியில வாற சாய்கோடும் இப்படித்தான் ஐயா. கோடு போட்டா ஒண்டு, போடாட்டி வேற ஒண்டு. அதையும் ஒரு நாளைக்கு ஒரே மாதிரி ஆக்கவேணும்" என்று சொல்லிவிட்டேன்.

தீர்த்தத்தன்று காலையில் தேடிப் பார்த்தேன். அந்தப் பழைய பதிவு முதலாவது. நாங்கள் இரண்டாவது. சேருக்குப் படம் பிடித்து, உள்பக்கங்களின் சாய்கோடு பாக்கி என்றும் எழுதி அனுப்பினேன்.

"இரண்டாவதும் மேலதான்" என்று அவர் எழுதியிருந்தார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது: "அந்த உள்பக்கங்களையும் சரிப்படுத்தி முதலாவதாக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டில இருந்து செய்யுங்க. பிறகு முடிவு சொல்றன்."

அடுத்த கிழமை ஒரு புதிய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கோயிலின் மூன்றாவது குடியின் வண்ணக்கர். வட்டையில் வயல் பார்த்துக்கொண்டு நின்று பேசினார், காற்று இரைந்தது.

"புள்ள, அட்ரஸிட வாலில ஒரு கோடு சரிஞ்சு கிடக்காமே? அது இன்னும் ஒருத்தருக்கும் குடுபடல்லையாம்?"

"அது சும்மா ஒரு கோடு ஐயா."

"சும்மா கிடக்கிறதைத்தானே கேக்கிறன். தலையில அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும். வாலை எங்கட குடிக்குத் தா. நாங்க பெரிசா ஒண்டும் கேக்கிற ஆக்கள் இல்ல."

பின்னேரம் நான்காவது குடியின் வண்ணக்கர் அழைத்தார். அவருக்குக் கோடு வேண்டாம்.

"கோடு அவங்களுக்கெண்டால், கோடு இல்லாதது எங்களுக்கு" என்றார். "வெறுமையா விடு. அந்த வெறுமை எங்கட."

இப்போது விடயம் இதுதான். கோடு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, ஒன்றில் நிலையாக நின்றால் பக்கங்கள் மேலே வரும். என்னைத் தொடர்ந்து வீட்டில் இருக்க விடுவார்கள். ஆனால் கோடு போட்டால் நான்காம் குடிக்குத் தாழ்வு. விட்டால் மூன்றாம் குடிக்கு. இந்த முறை மூலஸ்தானமும் எழுந்தருளியும் சொல்லித் தப்ப முடியாது. சாய்கோட்டை உலாவி அப்படியே காட்டுகிறது, நான் நிறையத் தொலைபேசிகளில் பார்த்துவிட்டேன். கேட்காமலே ஒன்றைச் செய்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்டுவிட்டார்களே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். திரும்பவும் பூக்கட்டிப் பார்ப்பதாக முடிவு. சின்னவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், முன்பும் அவள்தான் எடுத்தாள், அவளுக்குத்தான் உரிமை என்கிறார்கள். இந்தக் கிழமைதான் அவள் ஒரு புதுச் சொல் பழகியிருக்கிறாள். எனக்குச் செய்தியாக வரவில்லை, என் காதிலேயே விழுந்தது. எதைக் கண்டாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்ட" என்கிறாள்.

நீங்கள் புதிதாகப் படித்துவிட்டு வந்தவர்கள். சாய்கோட்டைப் போடவா, விடவா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன் யாராவது சொல்லுங்கள். சொல்லும்போது தயவுசெய்து, நீங்கள் எந்தக் குடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.